பெற்றோர் வரிசை

மே 28

என் அன்புச் சிட்டுவுக்கு,

உறவினர்கள் எல்லோரிடமும் உன் மாமா சொல்லிக்கொண்டிருக்கும் செய்தியில் மூன்று பிழைகள் இருக்கின்றன. உன் காதுக்கும் அது வந்து சேர்ந்திருக்கும் என்பதால் திருத்திவிடுகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிடவில்லை. விண்ணப்பித்தேன், இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு எழுபது வயது ஆகவில்லை, அறுபத்தேழு. உன் அப்பா போன பிறகு தனிமை தாங்காமல் இப்படிக் கிளம்பிவிட்டேன் என்கிறானே, அதில் தனியாக இருக்கிறேன் என்பது மட்டும் உண்மை. தாங்காமல் என்பது அவனாகச் சேர்த்துக்கொண்டது. என் தம்பி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு தம்ளர் உடைந்தால் அலமாரியே விழுந்துவிட்டது என்பான்.

விஷயம் இதுதான். முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் நீதிபதிகள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். தீர்ப்பு அவர்களுடையது; காற்புள்ளி மட்டும் என்னுடையது. இந்த மனிதர் ஏன் இப்படி நடந்துகொண்டார், அவர் ஏன் இப்படி முடிவு செய்தார் என்று கேட்கும் உரிமை தட்டச்சருக்குக் கிடையாது. இப்போது கேட்க ஆசைப்படுகிறேன். அதற்கு வரலாறு என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. பள்ளி முடித்த கையோடு கல்யாணம், வேலை என்று போய்விட்ட எனக்கு அது விட்டுப்போன ஒன்று.

இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, நீ படித்த அதே சிஸ்டர்கள் கல்லூரி. இப்போதைய முதல்வர் சிஸ்டர் என் பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரார்த்தனை வரிசையில் என் பின்னால் நின்றவள். "நீங்க வர்றதுன்னா கிரவுண்ட் ஃப்ளோர்லயே கிளாஸ் வெச்சுடறேன்க்கா. மொத்தம் பதினாலு பேர்தான். உங்களுக்கு மெத்தை வெச்ச நாற்காலி" என்கிறாள். இன்னொன்று, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகம். முப்பத்தெட்டாயிரம் மாணவர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போக உள்ளேயே பேருந்து ஓடுகிறதாம். வரலாறு முதல் ஆண்டு வகுப்பறையில் முந்நூற்று இருபது இருக்கைகள். எனக்கு வந்த கடிதத்தில் என் பெயர்கூட இல்லை, விண்ணப்ப எண் மட்டும். ஆனால் பாடத்திட்டம் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு வேளை சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு இருக்கிறது, நான் படிக்காதது.

இரண்டில் ஒன்றுக்கு ஜூலை 15க்குள் உறுதி சொல்ல வேண்டும். எது எனக்குப் பொருந்தும் என்று நீ நினைக்கிறாய்? தொலைபேசியில் சொல்லாதே. தொலைபேசியில் நீ எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்கிறாய். எழுது. கையெழுத்து கொஞ்சம் நிமிர்ந்து இருக்கட்டும். போன கடிதத்தில் எழுத்தெல்லாம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்புடன்,
உன் அம்மா

ஜூன் 6

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்தால் எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஸ்கேல் வைத்து முகவரி எழுதுவது இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். பக்கத்து மேசைக்காரர் உறையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேடம், கோர்ட்டுலேர்ந்து உங்களுக்கு சம்மன் வந்திருக்கு" என்கிறார்.

மாமா எனக்கும் சொன்னார். அவர் கணக்குப்படி உனக்கு எழுபத்திரண்டு. நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அம்மா, நீ படிக்கப் போவது எனக்குப் பெருமைதான். முதலில் அதை எழுதிவிடுகிறேன், அப்புறம் நான் சொல்வதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. சிஸ்டர்கள் கல்லூரிக்கே போ. உன் முழங்கால் மாடிப்படி ஏறாது. உனக்கு யாராவது சத்தமாகப் பேசினால் பிடிக்காது, மெதுவாகப் பேசினாலும் பிடிக்காது. கழிப்பறை சுத்தமாக இல்லையென்றால் நீ வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாய். இதைவிட முக்கியமானது, உன்னை நாலு பேர் மதித்து, எழுந்து நின்று, "வாங்கம்மா" என்று கூப்பிட வேண்டும். முப்பத்தெட்டாயிரம் பேரில் யார் எழுந்து நிற்பார்கள்?

அதே பல்கலைக்கழகத்தில் எனக்கு நிலவியலுக்கு இடம் கிடைத்த அன்றைக்கு அப்பா என்னிடம் சொன்னாரே, "அவ்ளோ பெரிய எடத்துல ஒன்ன யாரும் கவனிக்க மாட்டாங்கம்மா, சிஸ்டர் காலேஜே போதும்" என்று. எனக்குப் பொருந்திய நியாயம் உனக்கும் பொருந்தும்தானே? சொல்லிக் காட்டவில்லை. நிலவியல் படித்துக் கல்லோடும் மண்ணோடும் திரிய நினைத்தவள் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தேழு வருடம் ஆகிறது. இந்த வேலையும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. இந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றில் இருக்கக் கூடாத உப்பைக் கண்டுபிடித்து மூடச் சொன்னோம். ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை எங்கே பார்த்தாலும் இன்னமும் ஒரு தடவை நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன், அவ்வளவுதான்.

எழுத்து நிமிர்ந்து இருக்கிறதா?

உன் சிட்டு

ஜூன் 13

சிட்டு,

எழுத்து நிமிர்ந்திருக்கிறது. "கழிப்பறை" வாக்கியம் தேவையில்லாதது, ஆனால் உண்மை.

யார் சொன்னாலும் நேரில் பார்க்காமல் நான் முடிவு செய்வதில்லை. நேற்று பெரிய பல்கலைக்கழகத்தில் புதியவர்களுக்கான அறிமுக நாள். இரண்டு பேருந்து மாறிப் போனேன். வாசலில் நீலப் பட்டை அணிந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி, பேரன்ட்ஸ் வரிசை இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். திரும்புவதற்குள் என் தோளில் மஞ்சள் அட்டை ஒன்றைக் குத்தியாகிவிட்டது. அதில் கொட்டை எழுத்தில் "பெற்றோர்" என்று இருந்தது. அப்போதே திருத்தியிருக்க வேண்டும். பின்னால் ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள். "நான்தான் மாணவி" என்று அத்தனை பேர் நடுவில் குரலை உயர்த்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானா இது என்று நீ சிரிக்கலாம். சிரி.

ஆக, பெற்றோர் அரங்கத்தில் இரண்டு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். விடுதி, பாதுகாப்பு, மருத்துவமனை, வருகைப் பதிவு என்று எல்லாவற்றையும் விளக்கினார்கள். கடைசியில் கேள்வி நேரம். முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த ஒரு தாய் எழுந்து, "இவ்ளோ பேர்ல எம் பொண்ண யாரு சார் கவனிப்பாங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. மேடையில் இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மொதல் மூணு மாசம் யாரும் கவனிக்க மாட்டாங்கம்மா. பொய் சொல்ல விரும்பல. அதுக்கப்புறம் அவங்களே யாரையாவது பிடிச்சு இழுத்துக் கவனிக்க வெச்சுடுவாங்க. அதையும் சேர்த்துத்தான் இங்க படிக்கறாங்க."

அதன் பிறகு வரலாற்றுத் துறையின் மாதிரி வகுப்பு. அட்டையோடுதான் போனேன். கடைசி வரிசை. கழுத்தில் பென்சிலைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த ஒரு ஆசிரியை பழைய மனு ஒன்றைத் திரையில் காட்டினார். நிலம் போன விதவை ஒருத்தி அதிகாரிக்கு எழுதிய மனு. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார். பிள்ளைகள் ஏழ்மை, அநீதி என்று பெரிய பெரிய வார்த்தைகளாகச் சொன்னார்கள். நான் கையைத் தூக்கினேன். "இது அந்தம்மா எழுதினதில்ல. எழுதினவர் வேற ஆளு. அழுகை வர்ற எடத்துலகூட வாக்கியம் நேரா போகுது பாருங்க. சொல்றவங்க அழுதா எழுதறவங்க கை நடுங்காது" என்றேன். முந்நூறு தலைகளும் பின்னால் திரும்பின. "எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். "முப்பத்தொரு வருஷம் மத்தவங்க பேசினத நான்தான் எழுதினேன்" என்றேன். அவர் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்க பிள்ளைய விட்டுட்டு நீங்க வந்து சேர்ந்துடுங்க" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கழிப்பறை சுமார்.

வேறு விசேஷமில்லை.

அம்மா

ஜூன் 19

அன்புள்ள அம்மா,

மஞ்சள் அட்டை விஷயத்தைப் படித்துவிட்டுப் பேருந்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரி எழுந்து இடம் மாறிவிட்டாள்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். முந்நூறு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்தவளுக்கு மெத்தை நாற்காலி வேண்டாம். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு நன்றாக நடந்த நாளை எழுதிவிட்டு "வேறு விசேஷமில்லை" என்று முடித்திருக்கிறாய். "என் அன்புச் சிட்டு" வெறும் "சிட்டு" ஆகிவிட்டது. "அன்புடன்" காணோம். நீ முடிக்காமல் நிறுத்தினால் ஏதோ இருக்கிறது. அந்தப் பெற்றோர் அரங்கத்தில் என்ன நடந்தது? யாராவது ஏதாவது சொன்னார்களா?

நேர்மையாக ஒன்று சொல்லட்டுமா? படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அந்த அம்மா கேட்ட கேள்வியை அப்பாவும் ஒரு தடவை அங்கே போய் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்காமலே வேண்டாம் என்றார். இப்போது இருந்திருந்தால் உன்னையும் விட்டிருக்க மாட்டார். அவரை நினைத்தால் இன்னமும் முதலில் கோபம்தான் வருகிறது அம்மா. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படுவது எவ்வளவு அசிங்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வருகிறது.

முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் தடவு. நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லாதே.

உன் சிட்டு

ஜூன் 24

என் அன்புச் சிட்டுவுக்கு,

அரங்கத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னது நான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "உங்களுக்குப் பையனா, பொண்ணா?" என்று கேட்டார். "பொண்ணு" என்றேன். "என்ன எடுத்திருக்கா?" என்றார். யோசிக்கவே இல்லை, "நிலவியல்" என்று வந்துவிட்டது. அவர், "பரவால்லையே, தைரியமா அனுப்பறீங்களே" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் தன் தண்ணீர் பாட்டிலை எனக்குக் கொடுத்தார், என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். மீதி நேரம் அந்த மேடையை நான் பார்க்கவில்லை.

உன் அப்பா உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றது நான்.

உனக்கு இடம் கிடைத்த வாரம், மின்வாரியத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் அங்கே போனார். நீ ஏதோ தேர்வுக்குப் போயிருந்தாய். பெண்கள் விடுதியிலிருந்து நிலவியல் துறை வரை நடந்து பார்த்தார். பதினொரு நிமிடம். வழியில் எத்தனை விளக்குக் கம்பம் என்று எண்ணி ஒரு அட்டைத் துண்டில் குறித்துக்கொண்டு வந்தார். "முப்பத்தாறுல நாலு எரியல. அங்க இருக்கற நம்ம ஆளப் பிடிச்சு சொல்லிட்டேன், மாத்திடுவாங்க. பொண்ணு போகட்டும்" என்றார்.

நான் முடியாது என்றேன். அவ்வளவு பெரிய இடத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது என் வாக்கியம். அதுகூட உண்மையான காரணம் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு பாடத்தை, நான் நுழைந்தே இராத ஓர் இடத்தில் நீ படித்துவிட்டு வந்தால், அதற்குப் பிறகு உன்னிடம் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இருக்காது என்று பயந்தேன். இப்படி ஒரு தாய் நினைப்பாளா என்று கேட்பாய். நினைத்தேன். எழுதியே விட்டேன், இனி அடிக்க முடியாது.

மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அவர்தான் இறங்கி வந்தார். "சரி விடு. நான் வேணாம்னுட்டேன்னு அவகிட்ட நானே சொல்லிடறேன். எம்மேல கோவம்னா ரெண்டு நாள்ல வந்து சட்டையப் பிடிச்சுக் கேட்டுட்டு சரியாயிடுவா. உம்மேல கோவம்னா அவ கேக்க மாட்டா, நீயும் எறங்க மாட்டே. ரெண்டு பேரும் ஒரே அச்சு" என்றார். நான் சரி என்றேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இரண்டு நாளில் சரியாகவில்லை. நீ வந்து சட்டையைப் பிடிக்கவே இல்லை. சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தடவை அவரைக் கேட்டிருக்கிறேன். "இப்ப சொன்னா ரெண்டு பேர் மேலயும் கோவப்படுவா. விடு" என்பார். நீ தொலைபேசியில் என்னிடம், "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்பாய். அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார், என் வாயையே பார்த்துக்கொண்டு. "நல்லா இருக்கார்" என்பேன். அவரிடம் பேசுகிறாயா என்று ஒரு தடவைகூட உன்னை நான் கேட்டதில்லை. நீ வேண்டாம் என்றுவிட்டால் அவருக்குக் கேட்டுவிடுமே என்று. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடத்துக்கு எனக்கு எந்தச் சாக்கும் இல்லை.

கேட்காமலே வேண்டாம் என்றார் என்று நீ எழுதியிருந்தாய். அதைத் திருத்தாமல் விட என்னால் முடியவில்லை.

உனக்குத் தடுத்த வாசலில் உன் அனுமதி இல்லாமல் நான் நுழைய மாட்டேன். போகலாம் என்று நீ எழுதினால் பெரிய பல்கலைக்கழகத்துக்கு உறுதி சொல்வேன். வேண்டாம் என்றால் சிஸ்டரிடமே போய்விடுகிறேன். நீ சொல்கிறபடி.

என்றும் அன்புடன்,
உன் அம்மா

ஜூலை 5

அம்மா,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். பிழை எதுவும் இல்லை.

நீ எங்கே படிப்பது என்பதை என்னைக் கேட்காதே.

சிட்டு

ஜூலை 11

என் அன்புச் சிட்டுவுக்கு,

உன் மூன்று வரியை ஐந்து நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு இறங்கி வந்து எழுதினேனே, ஒரு சரி, ஒரு வேண்டாம் சொல்லக் கூடாதா என்று. எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்து, "என்னம்மா, பல் வலியா?" என்று கேட்கும்படி இருந்தது என் முகம். மூன்றாம் நாள்தான் உறைத்தது. அன்றைக்கு என் முடிவை உன் அப்பா தலையில் ஏற்றிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். இப்போது அதையே உன் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். நீ போ என்றால், மகள் மன்னித்துவிட்டாள், அவளே அனுப்பினாள் என்று சொல்லிக்கொண்டு போகலாம். வேண்டாம் என்றால், மகளுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சாகும்வரை சொல்லலாம். இரண்டிலும் நான் நல்லவள். நீ கேட்காதே என்று எழுதியது சரிதான்.

ஆகவே நானே முடிவு செய்தேன். நேற்றுக் காலையில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் இடத்தை உறுதி செய்துவிட்டு வந்தேன். படிவத்தில் நான் நிரப்பிய ஒரு கட்டம் தப்பு என்று எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரி. என் வாழ்க்கையில் ஒரு அலுவலகத்தில் என் எழுத்து திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. அந்த இடம் எனக்கு ஏன் பொருந்துகிறது என்று கேட்டால், அங்கே நான் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் எழுந்து நிற்க மாட்டார்கள். எனக்குத் தெரியாதது அங்கே நிறைய இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பயந்துதான் உன்னை நான் தடுத்தேன். இது உனக்கு நியாயமாக இருக்காது. எனக்கும் இல்லை. ஆனாலும் போகிறேன்.

சிஸ்டரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். "மெத்தை தெச்சாச்சேக்கா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அதில் நீயே உட்கார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் மாமா உனக்குத் தொலைபேசியில் ஏதோ சமாதானம் பேசினானாம். நான் சொல்லித்தான் பேசினான் என்று நினைக்காதே. அவனிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவன் மோப்பம் பிடித்தது. அவன் சொன்ன எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

உன் அப்பாவிடம் உனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அதை எனக்கு எழுதாதே. அது உனக்கும் அவருக்கும். நான் நடுவில் நின்றது போதும். எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கும். கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. ஒரு பக்கமோ பத்துப் பக்கமோ, எழுத்து எப்படிக் கிடந்தாலும் சரி, நான் திருத்த மாட்டேன். வகுப்பு ஆகஸ்ட் 3 அன்று தொடங்குகிறது. அதற்கு முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் பரவாயில்லை.

ஆனால் தொலைபேசியில் வேண்டாம். தயவுசெய்து பதிலை எழுதி அனுப்பு.

உன் அம்மா